என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுத்தால் போதுமா? வேலூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஊருக்குள் இறங்கிப் படிக்கும் வழிகள்

காட்பாடியில் இளங்கலை இரண்டாமாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருப்பது இது: “சமூகச் சேவையோடு இணைந்த கற்றல் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுத்தால் போதுமா? நம் பக்கத்தில் வேறு என்ன செய்யலாம், எப்படித் தொடங்குவது?”

நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுங்கள், ஆனால் அதோடு நிற்க வேண்டாம். ஒரு பேரணி, ஏழு நாள் முகாம், கொஞ்சம் மரக்கன்று, குழுப்படம் என்று முடிந்துவிட்டால் மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், ஊருக்கு எதுவும் மிஞ்சாது. வகுப்பில் படிக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது உதவக்கூடிய ஓர் ஊரைப் பாருங்கள். குறைந்தது இரண்டு செமஸ்டர் அதே ஊருக்குப் போய்வாருங்கள். வேலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. போவது நிற்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை எப்படிச் சாதிப்பது என்பது பற்றித்தான்.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி, வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்து, அதை அலசிப் படிக்கிறார்கள். கிராமப்புறச் சுகாதாரத்துக்கும் சமூக நலனுக்குமான அந்தக் கல்லூரியின் ரூசா மையம் 1977 முதல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் இயங்குகிறது. பாகாயத்தில் இருக்கும் சமூக நலப் பிரிவு கணியம்பாடி ஒன்றியத்தைத் தன் களமாக வைத்திருக்கிறது. இவை பத்தாண்டுகளைக் கடந்தும் பயன் தருவதற்குக் காரணம், மாணவர் மாறினாலும் ஊர் மாறாமல் இருப்பதுதான். கலை அறிவியல் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் இதையே சின்ன அளவில் செய்யலாம்.

எதன் வழியாக நுழைவது

என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. இந்த 120 மணி நேரத்தை வாரத்துக்கு 4 மணி என்று பிரித்தால் 30 வாரம் வருகிறது. விடுமுறையும் தேர்வும் போக ஒரு கல்வியாண்டின் சனிக்கிழமைகள் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆண்டுத் திட்டம் எழுதப்படும் முன்பே, ஜூன் அல்லது ஜூலையில், உங்கள் குழுவில் 8 முதல் 12 பேர் கையெழுத்திட்டு ஒரு பக்கத் திட்டத்தைத் திட்ட அலுவலரிடம் கொடுங்கள்: எந்த ஊர், எந்த நாள், என்ன வேலை, யார் யார் போகிறார்கள். முகாமையும் அதே ஊரில் வைக்கக் கேளுங்கள். பழகிய ஊரில் நடக்கும் ஏழு நாளில், அறியாத ஊரில் ஒரு மாதம் செய்ய முடியாததைச் செய்யலாம்.

அடுத்து, உன்னத் பாரத் அபியான். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க மத்திய அரசு 2014இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கும். உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா, ஒருங்கிணைப்பாளர் யார், அந்த ஐந்து ஊர் எவை என்று அலுவலகத்தில் கேளுங்கள். சேர்ந்திருந்தால் முதல்கட்டக் கணக்கெடுப்புப் படிவங்கள் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு. அவற்றை வாங்கிப் படித்தபிறகு ஊருக்குப் போங்கள். சொன்ன பதிலையே மறுபடியும் சொல்ல வைத்தால் மக்களுக்குச் சலிப்பு வரும்.

பலர் கவனிக்காத வழி பாடத்திட்டமே. சமூக ஈடுபாட்டுக்கென 2 கிரெடிட் பாடம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் அது இல்லை என்றாலும், அகமதிப்பீட்டுக்கான ஒப்படைப்பையோ இறுதியாண்டு ப்ராஜெக்டையோ ஊர் வேலையோடு இணைக்க ஒரு ஆசிரியர் ஒப்புக்கொண்டால் போதும். இதை நான் முதன்மையாகப் பரிந்துரைக்கிறேன். மதிப்பெண்ணுக்காக அல்ல, தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவது பாடத்தோடு ஒட்டாத வேலைதான் என்பதற்காக.

சட்டம் படிப்பவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம். சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்குக் களப்பணி பாடத்திலேயே உண்டு. மற்ற துறை மாணவர்கள் அவர்களோடு ஒரே ஊரில் சேர்ந்துகொள்வது நல்லது. வீட்டுக்குள் எப்படிப் பேசுவது என்பதை அவர்கள் முறையாகப் படித்திருக்கிறார்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

கல்லூரி வாசலிலிருந்து பஸ்ஸில் 45 நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் மூன்றாவது மாதத்தில் ஆள் குறையும். மாணவிகளுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பதால் செலவும் பெரிதாக வராது. காட்பாடியிலிருந்து குடியாத்தம் சாலையில் இருக்கும் ஊர்களும், பாகாயத்திலிருந்து கணியம்பாடி பக்கத்து ஊர்களும் வசதியானவை.

மொழியைப் பாருங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது. மேல்விஷாரத்தில் பெண்களிடம் பேச வேண்டிய வேலை என்றால் உருது தெரிந்த மாணவிகள் குழுவில் இல்லாமல் தொடங்கவே கூடாது. மொழிபெயர்க்க வீட்டு ஆண்களைக் கேட்டால், கிடைக்கும் பதில் அந்தப் பெண்ணுடையதாக இருக்காது.

நேரத்தையும் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பகலில் வீட்டில் இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்களைக் கம்பெனி பஸ் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடும். அவர்களைப் பார்க்க ஞாயிறு ஒன்றுதான். பீடி சுற்றுகிறவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள், ஆனால் கை ஓயாது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வேலையை நிறுத்தாமல் பேச வேண்டும். செவ்வாய்க்கிழமை 11 மணிக்குப் படிவத்தோடு போகும் குழு முதியவர்களை மட்டுமே சந்தித்துவிட்டு, அதை ஊரின் கருத்து என்று எழுதிவிடுகிறது.

யாரைப் பார்ப்பது: ஊராட்சி மன்றத் தலைவர், ஊராட்சி செயலர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுப் பொறுப்பாளர். முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் நாலைந்து நகல் கையில் இருக்கட்டும். கடிதத்தில் குழுவினர் பெயர், பொறுப்பாசிரியரின் பெயரும் கைபேசி எண்ணும், வரும் நாள், முடியும் மாதம் எல்லாம் இருக்க வேண்டும். பள்ளிக்குள் வேலை என்றால் தலைமையாசிரியரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் தலைமையாசிரியர் மாறிய அன்றே வேலை நின்றுபோகும்.

தலைவரைப் பார்ப்பது அவசியம், ஆனால் அவரோடு நிறுத்தாதீர்கள். நம் ஊர்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், ஏரிக்கரையோரம் நாலைந்து இருளர் வீடு என்றுதான் அமைப்பு. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வராததை ஆர்வமின்மை என்று எழுதிக்கொள்வது பெரிய பிழை. பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ வையுங்கள். முதல் நாளே மூன்று பகுதிகளுக்கும் நடந்து போங்கள். காலனி வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். நீங்கள் யார் என்பதை ஊர் அதில்தான் முடிவு செய்கிறது.

முதல் மூன்று முறை படிவம் வேண்டாம். “இந்த ஊரில் எதற்காக அலைய வேண்டியிருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். “என்ன பிரச்சினை?” என்று கேட்டால் ரோடு, விளக்கு, தண்ணீர் என்று வழக்கமான பட்டியல் வரும். அலைச்சலைக் கேட்டால் ஜாதிச் சான்றுக்கு எத்தனை முறை தாலுகா ஆபீஸ் போனார்கள், எந்த மாத்திரைக்கு எந்த ஊர் போகிறார்கள் என்ற விவரம் வரும். மாணவர் கைக்கு எட்டும் வேலை அதில்தான் இருக்கிறது.

வேதியியல், சிவில், புவியியல் மாணவர்களுக்குத் தண்ணீர்

பாலாற்றுப் பக்கம் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், சேதம் நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியிலும் வேலூர் மாவட்டத் தோல் கழிவு பற்றி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாடெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் நம் ஊர்க் கிணற்றைப் பற்றித்தான் படிக்கிறார்கள்.

ஒரு ஊராட்சியில் 15 முதல் 20 இடம் போதும். மேல்நிலைத் தொட்டிக் குழாய், கைப்பம்பு, வீட்டு ஆழ்துளைக் கிணறு (போர்), விவசாயக் கிணறு எல்லாம் கலந்து, மூன்று பகுதிகளிலிருந்தும் இருக்கட்டும். போரிலிருந்து எடுக்கும்போது மோட்டாரை 5 நிமிடம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கியிருந்த நீர் பொய் சொல்லும். ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் வாய்வரை நிரப்பி, இடம், தேதி, நேரம், ஆழம் எழுதி ஒட்டுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். கிருமிச் சோதனைக்குத் தனியாக, நுண்ணுயிர் நீக்கிய பாட்டில் வேண்டும்; அதை அலசவே கூடாது, சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். களத்தில் டி.டி.எஸ். (நீரில் உள்ள மொத்தக் கரைபொருள்) மீட்டரைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு முறை புறப்படும் முன்னும் 1413 மைக்ரோசீமன்ஸ் மின்கடத்துதிறன் கொண்ட தரக்கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்காத மலிவு மீட்டரை வைத்து எழுதிய எண்களை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார், அது நியாயமும்தான்.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. நைட்ரேட் 45. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. மொத்தக் குரோமியம் 0.05.

இங்கே நடக்கும் பெரிய தவறு, டி.டி.எஸ். எண்ணை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு தடவுகிறார்கள்; அந்த உப்பு ஊறவைக்கும் நீரில் இறங்குகிறது. தோல் பதனிடும் ஊர்களில் டி.டி.எஸ். ஏறுவதற்கு அது முக்கியக் காரணம். குரோமியம் வேறு விஷயம். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே ஆபத்தான பொருள் டி.டி.எஸ். மீட்டரில் தெரியவே தெரியாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் குவிந்து கிடந்த கழிவு, தோல் பதனிடப் பயன்படும் மூவிணைய குரோமியம் அல்ல, அதைவிட நச்சு மிகுந்த ஆறிணைய குரோமியம். ஆகவே டி.டி.எஸ். குறைவு என்றால் நல்ல தண்ணீர் என்றும், கூடுதல் என்றால் தோல் கழிவு என்றும் எழுதாதீர்கள். பாறை நீரே உப்பாக இருக்கும் ஊர்களும் உண்டு. கழிப்பறைக் குழிக்குப் பக்கத்துக் கைப்பம்பில் டி.டி.எஸ். சாதாரணமாக இருந்து நைட்ரேட்டும் கிருமியும் கூடுதலாக இருக்கலாம்.

ஜனவரியிலும் மே மாதத்திலும் அதே இடங்களில் எடுங்கள், கூடவே திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். மழைக்குப் பின்னும் கோடையிலும் ஒப்பிட முடியும். அடுத்த ஆண்டு மாணவர்கள் தொடர்ந்தால் நாலு ஆண்டில் அந்த ஊராட்சியிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பதிவு இருக்கும். முடிவை முதலில் ஊராட்சியிடமும் குடிநீர் வடிகால் வாரியத்திடமும் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் “இந்தக் குழாயில் விஷம்” என்று போட்டால் நடப்பது பீதி மட்டுமே. அதன்பின் ஒரே பக்கத்தில், தமிழில், தெருப்பெயரோடு, சிவப்பு, மஞ்சள், பச்சை நிறமிட்டுக் கிராம சபையில் வாசியுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஜனவரியில் எடுத்த முடிவை வைக்கப் பொருத்தமான நாள். தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள்.

தமிழ், ஆங்கிலம், கணித மாணவர்களுக்கு வாசிப்பு

மாலை நேர வகுப்பு எடுப்பது சுலபமாகத் தெரியும், பாதியில் நிற்பதும் இதுதான் அதிகம். வகுப்பு வாரியாகப் பிரிப்பதே முதல் கோளாறு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கதை படிக்கும், பக்கத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டும். ஆளுக்கு 5 நிமிடம் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்ற நாலு படியில் எது வரை வருகிறது என்று பார்த்து, படிவாரியாகப் பிரியுங்கள். ஒரு குழுவில் 10 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் 4 மணி நேரத்தைவிட நாலு நாள் ஒரு மணி நேரம் பல மடங்கு பலன் தரும். ஆகவே ஒரே குழு போகாமல், இரண்டிரண்டு பேராக நாள் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று எந்தப் பக்கத்தில் விட்டார்கள் என்பதற்கு அங்கேயே ஒரு பொதுக் குறிப்பேடு இருக்கட்டும்.

சொல் படியிலேயே தேங்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சிக்கல் கொம்பும் கொக்கியும்தான்: கெ, கே, கை, கொ, கோ, கௌ. ஒற்றை எழுத்தாகத் தெரியும், சொல்லுக்குள் வந்தால் தடுமாறும். இவற்றைக் கலந்த இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களை அட்டையில் எழுதி மூன்று வாரம் விளையாட வைத்தால் பத்திக்குத் தாண்டிவிடுவார்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைக்குச் சொல்லின் பொருளே தெரியாமல் இருக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்று குறிக்கும் முன் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

நாட்காட்டியை முன்கூட்டியே பாருங்கள். பள்ளிக்குச் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழுஆண்டு. உங்களுக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். நவம்பர் இடைவெளியில்தான் பிள்ளைகள் கலைந்து போகிறார்கள். அந்த மூன்று வாரத்துக்கு ஊரிலேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணைப் பழக்கி வையுங்கள். பிள்ளைகளோடு இருக்கும்போது எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், தனியாக யாரையும் வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது, பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. ஒரு பிள்ளை ஏதாவது கொடுமையைச் சொன்னால் நீங்களே விசாரிக்காமல் பொறுப்பாசிரியரிடமும் 1098 எண்ணிலும் சொல்லுங்கள்.

வணிகவியல், பொருளியல், கணினி மாணவர்களுக்குக் காகித வேலை

செயலி செய்து தருகிறோம் என்று தொடங்க வேண்டாம். நீங்கள் படிப்பை முடித்துப் போனதும் அதைப் பராமரிக்க ஆளிருக்காது. ஊரில் தேங்கிக் கிடப்பது விண்ணப்பங்கள். குடியாத்தம், காட்பாடி பக்கத்துப் பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் 18 முதல் 60 வயது வரை பதியலாம். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் கல்வி உதவியும் விபத்து உதவியும் நின்றுவிடும். இந்தப் புதுப்பித்தலைத் தவறவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதே ஒரு செமஸ்டர் வேலை.

விண்ணப்பம் ஏன் திரும்புகிறது என்று ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றில் வேறு. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையவில்லை. கணக்கு நீண்ட நாள் இயங்காமல் முடங்கிவிட்டது. பீடி வாங்கும் புத்தகம் மாமியார் பெயரில், சுற்றுவது மருமகள். காரணம் தெரிந்தால் எந்தப் பிழையை எந்த அலுவலகத்தில் முதலில் திருத்துவது என்ற வரிசை கிடைக்கும். ஆதார், அதன்பின் வங்கி, கடைசியில் விண்ணப்பம். இந்த வரிசை மாறினால் மூன்று முறை அலைய வேண்டும்.

இருளர் வீடுகளிலும் மலையூர்களிலும் முதல் தேவை பழங்குடிச் சான்று. அதை வழங்குவது தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். ஜவ்வாது மலை மக்களுக்கு ஒரு தகவல் கைகொடுக்கும்: தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பிரிவு மாவட்டப் பெயர்களோடுதான் இருக்கிறது, அதில் வட ஆற்காடு இன்றும் அந்தப் பழைய பெயரிலேயே நிற்கிறது. விண்ணப்பத்தோடு தாத்தா காலத்து நில ஆவணமோ உறவினர் ஒருவரின் சான்றோ இருந்தால் வேகம் கூடும். வழி அடைபட்டால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவைக் கொடுக்கப் போவது அந்தக் குடும்பமாக இருக்கட்டும். நீங்கள் கூடப் போங்கள், முன்னால் நிற்காதீர்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: யாருடைய ஓ.டி.பி.யையும் கேட்காதீர்கள். ஆதார் அட்டையை உங்கள் கைபேசியில் படமெடுத்து வைக்காதீர்கள். பணத்தைக் கையில் தொடாதீர்கள், பஸ் செலவுக்கென்று கொடுத்தாலும்.

மற்றவை, சுருக்கமாக

வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஏராளம். இந்தி, வங்காளி, அசாமி பேசும் மாணவர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். மருத்துவமனையின் அனுமதியோடு வழிகாட்டியாக இருக்கலாம், அல்லது தங்கும் விடுதிகள் இருக்கும் தெருக்களுக்கென்று பஸ், மருந்துக்கடை, மலிவு உணவு பற்றி அவர்கள் மொழியில் ஒரு பக்க வழிகாட்டி தயாரிக்கலாம். மருத்துவர் சொல்வதை மொழிபெயர்ப்பதும், எந்த டாக்டர் நல்லவர் என்று சொல்வதும் உங்கள் வேலை அல்ல.

மரம் நடுவதென்றால் ஜூன் 5இல் நடாதீர்கள், வெயில் குறையாத காலம் அது. ஆகஸ்ட், செப்டம்பர் மழைக்குப் பின் நடுங்கள். இரண்டடிக் குழியை முன்பே தோண்டி ஆறவிட்டு, மேல்மண்ணோடு 3 முதல் 5 கிலோ தொழுவுரம் கலந்து, புங்கன், வேம்பு, நாவல், பூவரசு போன்றவற்றை வையுங்கள். எத்தனை கன்று என்பதைக் கோடைத் தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள்: 50 கன்றுக்கு வாரம் இருமுறை 15 லிட்டர் என்றால் வாரத்துக்கு 1,500 லிட்டர். மார்ச் முதல் ஜூன் வரை அதை ஊற்ற ஆள் இல்லையென்றால் 10 கன்று போதும். ஆட்டுக்கு வேலி அவசியம்.

ரத்ததானம்: 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். சிவப்பணு ஆறு வாரம்வரை தாங்கும், பிளேட்லெட் 5 நாள்தான். அதனால் ஒரே நாள் பெரிய முகாமைவிட, ஆண்டு முழுவதும் முறைவைத்துக் கொடுக்கும் ஒரு பெயர்ப்பட்டியலே ரத்த வங்கிக்கு அதிகம் உதவும்.

அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பலர். முதலாண்டில் போகாதீர்கள். 2023 மே மாதம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த குழந்தை, உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சாலை இல்லாததால் இறந்தது. அங்கே தூரம் என்பது உயிர்ப் பிரச்சினை. அனுபவமுள்ள ஆசிரியரோடு, வனத்துறைக்குத் தெரிவித்து, பகலில் போய்ப் பகலில் திரும்புங்கள். போகும் குழுவுக்குப் பாம்புக்கடி முதலுதவி தெரிந்திருக்க வேண்டும்: கடிபட்ட கை காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டுவது, இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே நகர்த்துவது, 108ஐ அழைப்பது. இதைத் தாங்கள் கற்று மலைப் பள்ளிகளிலும் கற்றுக்கொடுத்தால் அதுவே முழுமையான ஒரு திட்டம்.

குறிப்பேடும் கைமாற்றும்

ஊரிலிருந்து கிளம்பும் முன், பஸ் நிறுத்தத்திலேயே, 20 நிமிடம் எழுதுங்கள். இன்று எதைப் பார்த்தேன், முன்பு நினைத்திருந்ததில் எது தவறு என்று தெரிந்தது, எந்தப் பாடம் இங்கே பொருந்தியது அல்லது பொருந்தவில்லை. வீட்டுக்குப் போய் எழுதினால் “நல்ல அனுபவம்” என்ற ஒரு வரிதான் வரும். மாதம் ஒருமுறை பொறுப்பாசிரியர் இவற்றைப் படித்துக் குழுவோடு பேச வேண்டும். அந்தப் பேச்சு நடக்காத இடத்தில் சேவை நடந்திருக்கும், கற்றல் நடந்திருக்காது.

இரண்டாமாண்டு என்பதால் உங்களுக்கு இன்னும் மூன்று செமஸ்டர் போல இருக்கிறது. இரண்டாவது செமஸ்டரிலேயே முதலாண்டு மாணவர் நாலு பேரைக் கூட அழைத்துப் போங்கள். கடைசியில் ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். அதில் ஊரின் கையால் வரைந்த வரைபடம், சந்திக்க வேண்டியவர்களின் பொறுப்புகள், எந்தத் தெருவுக்கு எந்த நேரம், நிரப்பாத படிவ மாதிரி, இதுவரை கிடைத்த எண்கள், பாதியில் நிற்கும் மனுக்களின் பட்டியல், ஊருக்கு என்னென்ன சொல்லியிருக்கிறீர்கள் என்ற பக்கம் எல்லாம் இருக்கட்டும். ஆதார் எண், நோய் விவரம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு நகல் கல்லூரிக்கு, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே. உன்னத் பாரத் ஒருங்கிணைப்பாளரையும் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரையும் பார்த்துக் கல்லூரிக்கு ஏற்கெனவே எந்த ஊரோடு தொடர்பு இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் துறையில் ஒப்படைப்பை ஊர் வேலையாக ஏற்கத் தயாராக உள்ள ஒரு ஆசிரியரைக் கண்டுபிடியுங்கள். வரும் சனிக்கிழமை மூன்று பேராக, படிவம் இல்லாமல், அந்த ஊர் பஸ்ஸில் ஏறுங்கள்.